குமிழைத் திருகினால் கட்டை மாறும் தம்புரா

சித்தி மும்பை செம்பூரில் வீட்டிலேயே பாட்டு வகுப்பு எடுக்கிறார். ஐந்து கட்டையில் (கட்டை என்பது பாடுகிறவரின் ஆதார சுருதிக்கான அளவு) பாடுகிற பெண்ணும் ஐந்தரைக்காரியும் அடுத்தடுத்து வந்து உட்காருவார்கள். குரல் உடைகிற வயதில் ஒரு பையன் இருந்தால் அவனுக்கு இந்த மாதம் ஒரு சுருதி, அடுத்த மாதம் வேறு. இதுவரை கைபேசியில் ஒரு தம்புரா செயலிதான் ஓடிக்கொண்டிருந்தது. ஒலியில் குறை இல்லை. ஆனால் சுருதியைக் கொஞ்சம் இறக்க வேண்டுமென்றால் மூக்குக்கண்ணாடியைத் தேடி, திரையைத் திறந்து, பொடி எழுத்தில் இருக்கிற பொத்தானை அழுத்துவதற்குள் பையன் அடுத்த வரிக்குப் போயிருப்பான்.

"கண்ணைத் திறக்காம கையால தடவி மாத்தற மாதிரி ஒண்ணு பண்ணிக் குடேன்டி" என்றார் சித்தி. பெங்களூரு ராடெல் போன்றவர்களின் எலெக்ட்ரானிக் சுருதிப் பெட்டியை வாங்கியிருந்தால் காரியம் அன்றைக்கே முடிந்திருக்கும். ஆனால் நாதத்தின் ரீங்காரத்தையும் பாடிக்கொண்டே கூட்டிக் குறைக்க வேண்டும் என்பது சித்தியின் ஆசை. எனக்கும் மிடி (மின்னணு இசைக்கருவிகள் ஒன்றோடொன்று பேசுகிற முறை) குமிழ்களால் ஒரு சின்தசைஸரை, அதாவது மின்னணு ஒலிக்கருவியை, ஓட்டிப் பார்க்க வேண்டும் என்று நெடுநாளாக ஓர் அரிப்பு. இரண்டும் சேர்ந்ததில் வந்ததுதான் இந்தப் பெட்டி. அதே மாதிரி செய்ய நினைப்பவர்களுக்காக இதை எழுதி வைக்கிறேன்.

வேலையை இரண்டாகப் பிரித்தேன். குமிழ்கள் இருக்கிற மரப்பெட்டி எண்களை மட்டும் அனுப்பும். அந்த எண்களை வாங்கி ஒலியாக்குவது பக்கத்தில் இருக்கிற ராஸ்பெரி பை 4 என்ற சின்னக் கணினி. நடுவே ஒரு யுஎஸ்பி கம்பி, அதில் ஓடுவது மிடி. 1983-இல் வந்த பொதுத் தரநிலை இது. ஒரு கம்பெனியின் கீபோர்டு இன்னொரு கம்பெனியின் சின்தசைஸரை ஓட்ட வேண்டும் என்பதற்காகப் போட்டி நிறுவனங்கள் கூடி ஒப்புக்கொண்டது. அதற்கு முன்னின்ற ரோலண்டின் இகுதாரோ ககேஹாஷிக்கும் சீக்வென்ஷியல் சர்க்யூட்ஸின் டேவ் ஸ்மித்துக்கும் 2013-இல் டெக்னிக்கல் கிராமி விருது கொடுத்தார்கள். இவ்வளவு பழைய தரநிலை என்பது எனக்கு வசதி. பெட்டியை நாளைக்கு வேறு எந்த மென்பொருளில் செருகினாலும் வேலை செய்யும். பை செத்துப்போனால் மடிக்கணினியில் மாட்டி வகுப்பை நடத்தலாம்.

சாமான்கள்

மும்பையின் எலெக்ட்ரானிக்ஸ் கடைத்தெருவான லாமிங்டன் ரோடுதான், வேறு எங்கே? பெயர்ப்பலகையில் டாக்டர் தாதாசாஹேப் பட்கம்கர் மார்க் என்றிருக்கும், யாரும் அப்படிச் சொல்வதில்லை. செம்பூரிலிருந்து குர்லா, அங்கே மாறி தாதர், மறுபடி மாறி கிராண்ட் ரோடு. ஞாயிற்றுக்கிழமை போகாதீர்கள், பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும்.

மூளைக்கு புரோ மைக்ரோ வகைப் பலகை. அதில் இருக்கிற ஏடிமெகா 32யு4 சிப்புக்கு யுஎஸ்பி நேரடியாகத் தெரியும் என்பதால் கணினி அதை ஒரு மிடி கருவியாகவே பார்க்கும். எல்லோர் வீட்டிலும் தூங்குகிற ஆர்டுயினோ ஊனோவில் இது சுலபமில்லை. அதில் யுஎஸ்பியைப் பார்த்துக்கொள்வது வேறொரு சிப், அதன் உள்நிரலையே மாற்ற வேண்டியிருக்கும்.

அடுத்து பொட்டென்ஷியோமீட்டர்கள், அதாவது திருகினால் மின்தடை மாறுகிற குமிழ்கள். 10 கிலோ ஓம், லீனியர். உடம்பில் பி10கே என்று அச்சிட்டிருக்கும். ஏ என்று ஆரம்பித்தால் அது ஆடியோ வகை, பாதி வட்டம் வரை மதிப்பு மெதுவாக ஏறிப் பிறகு பாயும். இங்கே அது வேண்டாம். வளைவு எப்படி இருக்க வேண்டும் என்பதை மென்பொருளில் நாமே தீர்மானிக்கலாம். 100 கிலோ ஓம் எடுத்துக் கொடுத்தாலும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். இந்தச் சிப்பின் அனலாக் வாசல் 10 கிலோ ஓமுக்கு மேல் தடை உள்ள மூலத்தை நம்பி வாசிக்காது. இவற்றோடு ஈசி11 வகை ரோட்டரி என்கோடர்கள், எல்லையில்லாமல் சுற்றுகிற குமிழ்கள். ஒரு சுற்றுக்கு 20 'கிளிக்', அழுத்தினால் பொத்தானாகவும் வேலை செய்யும். குமிழ் மூடி வாங்கும்போது தண்டைக் கையோடு கொண்டு போங்கள். டி வடிவத் தண்டும் பல் வெட்டிய தண்டும் ஒன்றுக்கொன்று பொருந்தாது.

ஒவ்வொரு பொட்டென்ஷியோமீட்டரின் நடுக்காலுக்கும் தரைக்கும் (கிரவுண்ட்) இடையில் ஒரு 100 நானோஃபாரட் மின்தேக்கி. அவ்வளவுதான் மின்சுற்று. பெட்டியைத் தெருமுனை ஆசாரி பிளைவுட்டில் அடித்துக் கொடுத்தார்.

தந்தி

ஒலிப் பகுதியைப் பியூர் டேட்டாவில் எழுதினேன். மில்லர் பக்கெட் 1990-களில் உருவாக்கிய இலவச மென்பொருள். நிரலை வரி வரியாக எழுதாமல் திரையில் கட்டங்களை வைத்துக் கோடு போட்டு இணைப்பது.

தந்திக்கு அடிப்படை, கெவின் கார்ப்ளஸும் அலெக்ஸ் ஸ்ட்ராங்கும் 1983-இல் வெளியிட்ட முறை. ஒரு துளி இரைச்சலை ஒரு தாமதக் கோட்டில் (உள்ளே போனதைச் சற்று நேரம் கழித்து வெளியே விடுவது) விட்டு, மறுமுனையில் வருவதைக் கொஞ்சம் மழுக்கி, திரும்ப உள்ளேயே ஊட்ட வேண்டும். சுற்றச் சுற்ற இரைச்சல் தந்தியின் ஒலியாக மாறிவிடும். சுருதியைத் தீர்மானிப்பது தாமதத்தின் நீளம். ஐந்தரைக் கட்டை ஸட்ஜம் 207.65 ஹெர்ட்ஸ். கணினி ஒலியை அளந்து வைக்கிற புள்ளிகளுக்கு மாதிரிகள் என்று பெயர். நொடிக்கு 44100 மாதிரிகள் என்றால் தாமதம் 212.38 மாதிரிகள் இருக்க வேண்டும். அந்தப் புள்ளிக்கு அப்புறம் இருப்பதை விட்டு 212 என்று வைத்தால் சுருதி 3 சென்ட் ஏறிவிடும். ஒரு சென்ட் என்பது அரைச்சுரத்தில் நூறில் ஒரு பங்கு. மழுக்குவதற்காக அடுத்தடுத்த இரண்டு மாதிரிகளின் சராசரியை எடுக்கிறோம் அல்லவா, அது தன் பங்குக்கு அரை மாதிரி தாமதத்தைக் கூட்டும். அதைக் கழிக்காவிட்டால் 4 சென்ட் இறங்கும். பியானோ ஒலிக்கு இதெல்லாம் பெரிய விஷயமில்லை. தம்புராவுக்கு இதுவே எல்லாம். பியூர் டேட்டாவில் பின்ன நீளத்தையும் இடைக்கணித்து வாசிக்கிற தாமதக் கட்டம் ஒன்று உண்டு, அதைத்தான் பயன்படுத்த வேண்டும்.

நான்கு தந்திகள்: பஞ்சமம், ஸட்ஜத்தில் ஒலிக்கிற சாரணை, அனுசாரணை, கீழ் ஸட்ஜமான மந்தரம். பஞ்சமத்தை மிடி சுர எண்ணிலிருந்து எடுக்கக் கூடாது. கீபோர்டின் பஞ்சமம் 700 சென்ட், நம் காது கேட்பது 3:2 விகிதம், கிட்டத்தட்ட 702. ஸட்ஜத்தின் அதிர்வெண்ணை மட்டும் மிடியிலிருந்து கணக்கிட்டுக்கொண்டு, மந்தர ஸ்தாயிப் பஞ்சமத்துக்கு அதை முக்காலால் பெருக்கினேன், மந்தரத்துக்குப் பாதியால். சாரணைக்கும் அனுசாரணைக்கும் நடுவே ஏறத்தாழ 1 சென்ட் வேறுபாடு விட்டேன். அச்சாக ஒன்றுபோல் வைத்தால் இரண்டு தந்தி இருப்பதே தெரியாது.

இத்தோடு நிறுத்தினால் கேட்பது கிட்டார். தம்புராவைத் தம்புரா ஆக்குவது குதிரையின் (தந்திகள் படிந்திருக்கிற பாலம்) மேல்பரப்பும் அதில் தந்திக்கு அடியில் வைக்கிற ஜீவா நூலும். சி.வி.ராமன் கல்கத்தாவில் இருந்தபோது 1921-இல் இதைப் பற்றி எழுதினார். தந்தியை எந்த இடத்தில் மீட்டுகிறோமோ அந்த இடத்தில் கணு (அசையாத புள்ளி) உள்ள மேற்சுரங்கள் (அடிச்சுருதியின் மடங்குகளாகக் கூடவே எழுபவை) ஒலிக்கக் கூடாது என்பது யங்–ஹெல்ம்ஹோல்ட்ஸ் விதி. தம்புராவிலும் வீணையிலும் அவை கணீரென்று ஒலிக்கின்றன. காரணம் குதிரைதான். அகலமாக, லேசாக வளைந்து இருப்பதால் அதிர்கிற தந்தி அதை உரசி உரசி எழுகிறது. அதாவது தந்தியின் நீளம் ஒவ்வொரு அதிர்விலும் துளி மாறிக்கொண்டே இருக்கிறது.

நீளம் மாறுகிறது என்றால் கணக்கில் தாமதம் மாறுகிறது. ஆகவே தந்தியின் ஒலியையே எடுத்து, அதன் நேர்ப் பக்கத்தை மட்டும் வைத்துக்கொண்டு, அதற்கு ஏற்ப அதே தந்தியின் தாமதத்தைக் கொஞ்சம் குறைத்தேன். நேராக இணைத்தால் பியூர் டேட்டா ஒலிச் சுழல் என்று சொல்லிக் கையை விரித்துவிடும், ஒரு கட்டத்தின் விடை அதே கட்டத்துக்குக் கேள்வியாகப் போக முடியாது. அதே தாமதக் கோட்டில் இரண்டாவதாக ஒரு வாசிப்பு முனையை நிலையான நீளத்தில் வைத்து, அதன் ஒலியால் முதல் முனையை அசைத்தால் சிக்கல் இல்லை. அசைவு மிகச் சிறியது, மில்லிநொடியில் பத்தில் ஒரு பங்கு அளவு. ஆனால் அதைத் திறந்தவுடன் 'ங்ஞொய்ங்' என்று எழுந்தது பாருங்கள், சமையலறையிலிருந்த சித்தி "யாரு தம்புரா போடறா?" என்று எட்டிப் பார்த்தார். மந்தரத் தந்தியின் ஐந்தாவது மேற்சுரமாக அந்தரகாந்தாரம் தானே மிதந்து வந்தது. நான் எங்கேயும் காந்தாரத்தை நிரலில் எழுதவில்லை.

குமிழுக்கு எதைக் கொடுப்பது

இந்த நிரலில் திருகக்கூடிய அளவுகளை எண்ணினால் இருபதைத் தாண்டும். ஒவ்வொரு தந்திக்கும் மழுக்கல், தேய்மானம், மீட்டும் விரலின் மென்மை, தாமத அசைவு, அது இது என்று. மிடியில் ஒரு சேனலில் மட்டும் 0 முதல் 119 வரை கட்டுப்பாட்டு எண்கள் (எந்தக் குமிழ் என்று சொல்பவை) உண்டு, ஆசைப்பட்டால் எல்லாவற்றுக்கும் ஒவ்வொரு குமிழ் வைக்கலாம். அப்படிச் செய்த பெட்டிகளைப் பார்த்திருக்கிறேன், விமானி அறை போல இருக்கும். செய்தவருக்கே ஒரு மாதம் கழித்து எது எதற்கு என்று மறந்துவிடும்.

உண்மையான தம்புராவில் எத்தனை கட்டுப்பாடு? தந்தியை முறுக்குகிற பிரடை, சுருதியை நுணுக்கமாகச் சேர்க்கிற மணி, ஜீவா நூல். அப்புறம் மீட்டுகிற விரல். நூற்றாண்டுகளாக இதுவே போதுமாக இருந்திருக்கிறது. அதையே பெட்டிக்கும் எடுத்துக்கொண்டேன்: கட்டைக்கு ஒன்று, நுண்சுருதிக்கு ஒன்று, ஜீவாவுக்கு ஒன்று, மீட்டும் வேகத்துக்கு ஒன்று, ஒலி அளவுக்கு ஒன்று.

பிரடையும் மணியும் தனித்தனியாக இருப்பதன் அருமை மிடிக் கணக்கைப் போட்டபோதுதான் புரிந்தது. சாதாரண மிடி கட்டுப்பாடு 7 பிட், 0-விலிருந்து 127 வரை 128 படிகள். ஒரே குமிழில் ஒரு ஸ்தாயி முழுக்க, அதாவது 1200 சென்ட், வைத்தால் ஒரு படிக்கு 9.4 சென்ட். ஐந்தரைக் கட்டையில் அது 1 ஹெர்ட்ஸுக்கும் மேல். சுருதி சேர்க்கவே முடியாது, ஒரு படி கீழே கிடக்கும், அடுத்த படி மேலே போய்விடும்.

இதற்கு மிடியிலேயே ஒரு வழி இருக்கிறது. முதல் 32 கட்டுப்பாட்டு எண்களுக்கும் 32-ஐக் கூட்டினால் வருகிற எண் துணையெண். 16-இல் பெரிய பகுதி, 48-இல் சிறிய பகுதி என்று இரண்டாக அனுப்பினால் 14 பிட், 16384 படிகள். செய்து பார்த்தேன். பெரிய பகுதி மாறி, சிறிய பகுதி இன்னும் வந்து சேராத அந்தக் கணத்தில் சுருதி துள்ளும். பியூர் டேட்டாவில் கூட்டல் கட்டத்தின் வலது வாசல் சும்மா வாங்கி வைத்துக்கொள்ளும், இடது வாசலில் எண் வந்தால்தான் கணக்குப் போடும். பெரிய பகுதியை வலதுக்கும் சிறிய பகுதியை இடதுக்கும் கொடுத்தால் துள்ளல் போய்விடும். சரி, படிகள் கிடைத்துவிட்டன. கை? பொட்டென்ஷியோமீட்டர் சுற்றுவது சுமார் 300 பாகை. அதில் 1200 சென்ட் என்றால் ஒரு சென்ட்டுக்குக் கால் பாகை. எந்த விரலும் அவ்வளவு நுணுக்கமாக நிற்காது. தடங்கல் பிட் எண்ணிக்கையில் இல்லை, விரலில் இருக்கிறது.

ஆகவே கட்டைக்கு ஒரு என்கோடர், ஒரு கிளிக்குக்கு அரைச்சுரம். நுண்சுருதிக்கு முதலில் ஒரு பொட்டென்ஷியோமீட்டர் வைத்தேன், மேலும் கீழும் 50 சென்ட், 7 பிட்டே போதும், ஒரு படி 0.8 சென்ட்டுக்கும் குறைவு. கணக்குப்படி எல்லாம் சரி. வகுப்பில் வேறு தொல்லை வந்தது.

வெவ்வேறு பிள்ளைகளின் சுருதியை நினைவில் வைத்துக்கொள்ள நான்கு சிறிய பொத்தான்கள் வைத்திருந்தேன். காலை வகுப்புக்கு முதல் பொத்தான், பையன்களுக்கு மூன்றாவது என்று. பொத்தானை அழுத்தினால் மென்பொருளில் நுண்சுருதி −12 சென்ட்டுக்குப் போய்விடும், ஆனால் குமிழ் பழைய இடத்திலேயே +20-ஐக் காட்டிக்கொண்டு நிற்கும். துளி தொட்டால் போதும், சுருதி 32 சென்ட் தாவும். பாடுகிறவர் நிலைமையை யோசித்துப் பாருங்கள். இதற்கு மிடி உலகம் கண்டுபிடித்த மருந்து, குமிழ் அந்தப் பழைய மதிப்பைக் கடக்கும் வரை அதை மதிக்காமல் இருப்பது. அதையும் போட்டேன். சித்தி திருகிப் பார்த்துவிட்டு, "ஒண்ணுமே ஆகலையே, உடைஞ்சு போச்சா?" என்றார். "இன்னும் கொஞ்சம் திருகுங்க சித்தி, அதுவா பிடிச்சுக்கும்" என்றால், "நான் பாடறதா, அதுக்காகக் காத்துண்டிருக்கறதா?"

நியாயம்தானே. நுண்சுருதிக்கும் என்கோடர் வந்தது. ஒரு கிளிக் ஒரு சென்ட். என்கோடருக்கு 'இடம்' என்று எதுவும் கிடையாது, ஏறு, இறங்கு என்று மட்டும் சொல்லும். ஏறினால் 1, இறங்கினால் 127 என்று அனுப்பி, பியூர் டேட்டாவில் 64-க்கு மேல் வருவதிலிருந்து 128-ஐக் கழித்தால் +1, −1 கிடைக்கும். ஒரு சுற்றுக்கு 20 சென்ட், ஒரு சென்ட்டுக்கு 18 பாகை. விரலுக்கு இது தாராளம். நினைவில் வைக்கிற அளவுக்கு என்கோடர், நினைவில் வைக்காத அளவுக்குப் பொட்டென்ஷியோமீட்டர் என்று விதி வைத்துக்கொண்டால் இந்தத் தாவல் பிரச்சினையே வராது.

கிளிக் சத்தத்தில் எதிர்பாராத பயன் ஒன்று. சித்தி இப்போதெல்லாம் அளவைக் கிளிக்கில்தான் பேசுகிறார். "அவளுக்கு ரெண்டு கிளிக் கீழ வை." கட்டைக் குமிழில் எல்லாக் கட்டைகளுக்கும் நடுவே இரண்டு கிளிக், மூன்றுக்கும் நான்குக்கும் நடுவில் மட்டும் ஒரே கிளிக், அங்கே அரை கிடையாது என்பதை விளக்க ஆரம்பித்தேன். சித்தி என்னைப் பார்த்த பார்வையில் நிறுத்திக்கொண்டேன். ஆர்மோனியம் வாசித்தவருக்கு இதைச் சொல்ல வேண்டுமா?

ஜீவா

அதிக நேரம் பிடித்தது ஜீவாக் குமிழ்தான். கட்டுப்பாட்டு எண் 74-ஐக் கொடுத்தேன். பல சின்தசைஸர்களில் ஒலியின் 'பளிச்சிடல்' அந்த எண்ணில்தான் இருக்கும், பெட்டியை வேறு எதில் செருகினாலும் அதே குணத்தைத் திருகும்.

வெறும் தாமத அசைவின் அளவை மட்டும் இந்தக் குமிழில் கட்டினால் பல விஷயங்கள் கெடுகின்றன. முதலாவது, சுருதி ஏறுகிறது. அசைவு தாமதத்தைக் குறைக்க மட்டுமே செய்கிறது, கூட்டுவதில்லை. சராசரியாக ஒரே ஒரு மாதிரி குறைந்தால் போதும், ஐந்தரைக் கட்டையில் 8 சென்ட் ஏறிவிடும். அதுவும் மீட்டியவுடன் அதிகமாக ஏறி, தந்தி தேயத் தேய இறங்கி வரும். குமிழ் நிலைக்கு ஏற்ற ஒரு திருத்த அட்டவணை போடலாம் என்று பார்த்தால், தந்தியின் பலம் நொடிக்கு நொடி மாறுகிறதே, அட்டவணை எப்படிப் பிடிக்கும்? எளிய வழி ஒன்று இருந்தது. அசைவு ஒலியையே 5 ஹெர்ட்ஸ் தாழ்வடிப்பானில் (வேகமான ஆட்டத்தை வடிகட்டி மெதுவானதை மட்டும் விடுவது) விட்டால் அதன் சராசரி கிடைக்கும். அந்தச் சராசரியைத் தாமதத்தில் திரும்பக் கூட்டிவிட்டால் அசைவு நடுநிலையைச் சுற்றியே ஆடும். சுருதி நின்றது.

அப்புறம், ஒலி பளிச்சென்று ஆக ஆகச் சத்தமும் கூடியது போலத் தோன்றும். காது மேற்சுரங்களைக் கூடுதலாக எண்ணிக்கொள்கிறது. குமிழ் உச்சிக்குப் போகும்போது மொத்த அளவை 4 டெசிபல் குறைத்தேன். மீட்டும் விரலையும் கூடவே கொஞ்சம் மென்மையாக்கினேன், இல்லாவிட்டால் ஒவ்வொரு மீட்டும் சாட்டை போலச் சொடுக்கும். ஆக ஒரே குமிழ் பின்னால் நான்கு அளவுகளை நகர்த்துகிறது: அசைவு, மழுக்கல், விரலின் மென்மை, சத்தம். திருகுகிறவருக்கு அது ஒன்றாகவே கேட்க வேண்டும்.

அதற்கும் மேல் வளைவு. நேர்க்கோட்டில் விட்டால் குமிழின் முதல் பாதியில் ஒன்றுமே நடப்பதில்லை. திடீரென்று ஒரு சின்ன இடைவெளியில் நாதம் பூத்து, அதைத் தாண்டினால் தகரம் அதிர்கிற சத்தம். சித்தியைக் கண்ணை மூடி உட்காரச் சொல்லி, நான் திருகத் திருக, எங்கே நன்றாக இருக்கிறது என்று கையைத் தூக்கச் சொன்னேன். தூக்கிய இடமெல்லாம் அந்தச் சின்ன இடைவெளிக்குள்தான். அந்தப் பகுதியை இழுத்து, குமிழின் நடுப் பாதி முழுக்கப் பரப்பினேன். பியூர் டேட்டாவில் 128 இடமுள்ள அட்டவணையைச் சுட்டியாலேயே வளைத்து வரையலாம், மிடி எண்ணை அதன் வழியாக விட்டால் முடிந்தது. தகரச் சத்தப் பகுதியை வெட்டி எறிந்தேன். சில நண்பர்கள் அதையும் வைத்திருக்கலாமே என்றார்கள், சோதனை இசைக்கு உதவுமாம். சோதனை இசைக்காரர்கள் வேறு பெட்டி செய்துகொள்ளட்டும்.

நடுக்கம், படிச் சத்தம்

பொட்டென்ஷியோமீட்டரை யாரும் தொடாதபோதும் சிப் வாசிக்கிற எண் ஒன்றிரண்டு மேலும் கீழும் ஆடும். 0 முதல் 1023 வரை வருவதை 8-ஆல் வகுத்து மிடி எண்ணாக்குகிறோம். குமிழ் இரண்டு படிகளின் எல்லையில் நின்றால் 63, 64, 63, 64 என்று ஓயாமல் செய்தி பாயும். கடைசியாக அனுப்பியதிலிருந்து மூல எண் 6-க்கு மேல் நகர்ந்தால்தான் புதிதாக அனுப்பு என்று ஒரு நிபந்தனை போட்டால் அமைதியாகிவிடும். இதில் கண்ணில் படாத ஓட்டை ஒன்று உண்டு. குமிழை மெல்லக் கடைசி வரை திருகினாலும் மூல எண் முழுதாக 1023-ஐத் தொடாவிட்டால் 126-லேயே நின்றுவிடலாம், மிச்சம் இருக்கிற தூரம் 6-ஐத் தாண்டாது என்பதால். ஒலி அளவு பூஜ்யத்துக்குப் போகாமல் 1-இல் நிற்பது இன்னும் எரிச்சல். இரு முனைகளுக்கும் அருகில் வந்தால் நேராக 0 அல்லது 127 என்று அனுப்பிவிட வேண்டும். மும்பை மழைக்காலத்தில் தடத்தில் ஈரம் ஏறி நடுக்கம் கூடும், அப்போது 6-ஐ 8 ஆக்கிக்கொள்ளலாம்.

மறுமுனையில் படிச் சத்தம். 128 படிகளில் ஒலி அளவைக் குறைத்தால் ஜிப்பை இழுப்பது போல 'ர்ர்ர்' என்று கேட்கும், அதற்குப் பெயரே ஜிப்பர் சத்தம். வருகிற எண்ணை நேராக ஒலியோடு பெருக்காமல், பியூர் டேட்டாவின் 'லைன்' கட்டத்தில் விட்டு, பழைய மதிப்பிலிருந்து புதியதற்கு 20 மில்லிநொடியில் சரிந்து போகச் செய்தால் மறைந்துவிடும். ஜீவாவுக்கு 50 வைத்தேன், நுண்சுருதிக்கு 80.

கட்டை மாறும்போது மட்டும் இது வேறு கதை. ஒலித்துக்கொண்டிருக்கிற தந்தியின் தாமதத்தை அரைச்சுரம் நகர்த்தினால் வழுக்கிக்கொண்டு போகும். முதலில், ஒவ்வொரு தந்தியும் அடுத்த முறை மீட்டப்படும்போது புதுச் சுருதியை எடுத்துக்கொள்ளட்டும் என்று எழுதினேன். கேட்க நாகரிகமாக இருக்கும் என்று எண்ணம். ஆனால் பழைய சுருதியில் தேய்கிற மந்தரத்தோடு புதுச் சாரணை மோதி, இரண்டு மூன்று நொடி நாராசம். சித்தியின் தீர்ப்பு வழுக்கலுக்கே. "பிரடையைத் திருகினா அப்படித்தானே போகும்?" 120 மில்லிநொடி வழுக்கல், நான்கு தந்தியும் ஒன்றாக.

மற்றவை சுருக்கமாக. பையின் சொந்த ஹெட்ஃபோன் துளை ஒலி இதற்குப் போதாது, சிறிய யுஎஸ்பி ஒலி அட்டை ஒன்றைச் செருகினேன். பியூர் டேட்டாவைத் திரை இல்லாமல், இயந்திரம் எழும்போதே ஓடும்படி வைத்தேன். லினக்ஸில் பெட்டியின் மிடி வாசலைப் பியூர் டேட்டாவின் வாசலோடு தனியாக இணைக்க ஒரு கட்டளை தர வேண்டும், அதையும் தொடக்கத்திலேயே சேர்த்துவிடுங்கள். இல்லாவிட்டால் ஒலி வரும், குமிழ் வேலை செய்யாது. வகுப்பு முடிந்தால் சித்தி நேராகச் சுவர் ஸ்விட்சை அணைப்பார், அதனால் நினைவட்டையை எழுத முடியாத நிலையில் பூட்டினேன். பிள்ளைகளின் சுருதி எண்கள் பெட்டியில் இருக்கிற சிப்பின் 1 கிலோபைட் ஈப்ராமில், மின்சாரம் போனாலும் அழியாத நினைவகத்தில், போய் உட்காரும். குமிழைத் திருகியதிலிருந்து ஒலி மாறும் வரை ஆகிற தாமதத்தைக் குறைக்க நான் மெனக்கெடவில்லை. விசைப்பலகை வாசிப்பவருக்கு 10 மில்லிநொடி பெரிய விஷயம். தம்புராவின் குமிழுக்கு 20 ஆனாலும் ஒருவருக்கும் தெரியாது. இடையகத்தை (ஒலியை முன்கூட்டியே சேர்த்து வைக்கிற இடம்) பெரிதாக வைத்தால் நடுவில் 'டிக்' என்று அறுபடாமல் ஓடும், அதுதான் முக்கியம்.

கட்டைக் குமிழின் பொத்தானுக்கு வேலை கொடுத்தது கடைசியில்தான். ஹிந்தோளம் போலப் பஞ்சமம் இல்லாத ராகம் வந்தால் முதல் தந்தியை மத்யமத்துக்கு மாற்ற வேண்டும். முக்காலுக்குப் பதில் மூன்றில் இரண்டு என்று ஒரு பெருக்கல் எண்தான் மாறுகிறது. ஆனால் குமிழைத் திருகும்போதே விரல் லேசாக அழுத்திவிட்டால் கல்யாணி நடுவில் மத்யமம் வந்து நிற்கும், அதுவும் சுத்த மத்யமம்! அரை நொடிக்கு மேல் அழுத்திப் பிடித்து, அந்த அரை நொடியில் ஒரு கிளிக்கும் திரும்பாமல் இருந்தால்தான் மாறு என்று வைத்த பிறகு அந்தத் தொல்லை இல்லை. இனிச் செய்ய வேண்டியது, புரோ மைக்ரோவின் யுஎஸ்பி வாயை எபாக்ஸி போட்டுப் பலகையோடு ஒட்டுவது. அது கம்பி இழுபட்டால் பெயர்ந்து வருவதற்குப் பேர்போனது, வகுப்பில் பிள்ளைகள் கால் பட்டுக் கம்பி இழுபடாத நாள் கிடையாது.